டீசல் போன வீடு

ஸ்லேட் பாயின்ட், மிச்சிகன்
அக்டோபர் 14, 1996

அன்பு மகன் நோலனுக்கு அம்மா எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? விரல் போன இடத்தில் குளிர் வந்தால் வலி எடுக்கும் என்று டாக்டர் சொன்னாரே, இப்போதே எடுக்கிறதா? கம்பளிக் கையுறை தருகிறார்களா? தராவிட்டால் கேட்டு வாங்கிக்கொள். கேட்பதில் வெட்கமில்லை. எனக்கு முழங்காலைத் தவிர ஒரு குறையும் இல்லை. முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை எப்போதும்போல ஓடுகிறது. போன வாரம் இறைச்சிக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒரு கிழவர்கூடக் குறை சொல்லவில்லை. மறுநாள் சரியாகப் போட்டேன், அதற்குத்தான் சண்டைக்கு வந்தார்கள்.

இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஏரிப் பக்கமிருந்து காற்று ஓயாமல் அடிக்கிறது. பக்கத்து வீட்டு லாக்சோ படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்.

இப்படி எதையாவது எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். டீசலைக் காணோம்.

ஹீட்டரைப் பழுது பார்க்க வந்த ஆள் கருவிப் பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, நிலவறைக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டிருந்தான். நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீ போனதிலிருந்து பூனை அந்தக் கதவடியில்தான் படுத்துக் கிடந்தது என்று முன்பே எழுதியிருக்கிறேன். திறந்த கதவைப் பார்த்ததும் போய்விட்டது. அவனைக் கேட்டால், "பூனையா? ஒண்ணு என் காலை உரசிட்டுப் போச்சு. அது உங்க வீட்டுதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்கிறான். அவனைத் திட்டி என்ன பயன்.

அன்று சாயங்காலமே தெருவில் இறங்கிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். லாக்சோ வாசலில் நின்று, "வெர்னா, டீசல் வேணும்னா பங்க்குக்குப் போ. தெருவுல நின்னு கத்தினா யாரு ஊத்துவாங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூன் மாதம் உனக்குத் தண்டனை சொன்ன பிறகு அந்த மனிதர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு டார்ச்சை எடுத்துவந்து, படகுக்கு அடியில் அவரே குனிந்து பார்த்தார். அங்கே இல்லை.

நீ கவலைப்படாதே. அதற்கு இந்த ஊரில் தெரியாத சந்து இல்லை. அடுத்த கடிதத்தில் நல்ல சேதி எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


அக்டோபர் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கையுறை கொடுத்தார்கள். "இதுல ரெண்டு விரல் அதிகமா இருக்கு சார்" என்றேன். காவலருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று புரியவில்லை. உன் முழங்காலை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலையாதே என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நீ அலையத்தான் வேண்டும். என்னால் முடியாது.

பகலில் கூப்பிடாதே, வராது. விளக்கு வைக்கும் நேரத்தில் போ. சத்தம் போடாதே. நீ சத்தம் போட்டால் நானே ஓடி ஒளிந்துகொள்வேன். மத்தி மீன் டப்பாவை எடுத்துப்போய் வெளியில் வைத்துத் திற, அந்த ஓசை அதற்குத் தெரியும். நம் சானா நீராவிக் குளியல் அறைக்குப் பின்னால் விறகு அடுக்கில் இடுக்கு இடுக்காகப் பார். ஆலைக்குப் போகும் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு சிமெண்டுக் குழாய் கிடக்கும், அதிலும் பார்.

இன்னொன்று. நான் போட்டுக் கழற்றிய துணி ஏதாவது துவைக்காமல் இருந்தால் வாசலில் வை. வாசனைக்கு வரும். இது ஓடிஸ் சொன்ன யோசனை. ஓடிஸ் என் அறையில் இருப்பவர், டெட்ராய்ட்காரர், ஐம்பது வயதிருக்கும். பூனை ஓடிப்போன கதையைச் சொன்னேன். "உன்னைவிடக் கெட்டிக்காரப் பூனைப்பா. கதவு தொறந்ததும் போயிடுச்சு பாரு" என்றார். அதற்குப் பிறகு தினமும் காலையில் "சேதி உண்டா?" என்று கேட்கிறார்.

எல்லா வீட்டிலும் கேள். மிசஸ் போட்ரி வீட்டுக்கு மட்டும் போகாதே. நான் குடித்துவிட்டு ஓட்டிய வண்டியில் அவர் மகன் செத்தான். டேனி இல்லாத அந்த வீட்டு வாசலில் நின்று, எங்கள் பூனையைக் காணோம் என்று எந்த வாயால் கேட்பாய்? வேண்டாம் அம்மா.

மருந்து தடவிக்கொள். காலைத் தொங்கப் போட்டு உட்காராதே.

நோலன்


நவம்பர் 10

அன்பு நோலனுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே முதல் பனி விழுந்து, நின்று, மறுபடியும் விழுகிறது. எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உன் யோசனைகள் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

மத்தி டப்பாவைத் திறந்துகொண்டு நடந்ததில் ஊரிலுள்ள பூனைகளெல்லாம் என் பின்னால் வந்தன, நம்முடையதைத் தவிர. சிமெண்டுக் குழாயில் பார்த்தேன். உள்ளே கையை விட்டபோது எதுவோ சீறியது. டீசல் என்னைப் பார்த்துச் சீறாது, அதனால் கையை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைத் தாளில் பூனையின் படத்தை ஒட்டி, "சாம்பல் நிறம், இடது காது கிழிந்தது, டீசல் என்று கூப்பிட்டால் திரும்பும்" என்று எழுதி, நூலகத்திலும் மளிகைக்கடைப் பலகையிலும் மாட்டினேன். குப்பைமேட்டுக் காவல்காரர் போன் செய்தார். கிழிந்த காதுள்ள சாம்பல் பூனை ஒன்று அங்கே திரிகிறதாம். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். கிழிந்திருந்தது வலது காது. அதுவும் பெண் பூனை, வயிற்றில் குட்டிகளோடு. கொண்டுபோன மீனை அதற்கு வைத்துவிட்டு வந்தேன்.

நம் தெருவிலும் பின்தெருவிலும் எல்லாக் கதவையும் தட்டிவிட்டேன், நீ சொன்ன அந்த ஒரு கதவைத் தவிர. ஜூனிலிருந்து நான் வேலைக்குப் போவேன், வீட்டுக்கு வருவேன், கதவைச் சாத்துவேன். அவ்வளவுதான். இப்போது பூனைக்காக எல்லார் முகத்தையும் பார்க்க வேண்டியதாகிவிட்டது. மூலைவீட்டு பிரெண்டா என்னைப் பார்த்ததும், நான் வாய் திறப்பதற்குள் "இங்க இல்ல" என்று சாத்திவிட்டாள். அஞ்சல் அலுவலகத்து ஹாரியட் உள்ளே அழைத்துக் காபி கொடுத்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

உன் சிவப்புக் கட்டம் போட்ட சட்டையைத் துவைக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்காதே. அதைத்தான் வாசலில் வைத்தேன். பனியில் நனைந்து அட்டைபோல் விறைத்துவிட்டது. உள்ளே கொண்டுவந்து உலர்த்தினால் ஈரநாய் நாற்றம். துவைத்துவிட்டேன். இப்போது சோப்பு வாசனைதான் வருகிறது.

அடுத்த வாரம் மான் வேட்டை தொடங்குகிறது. ஊரெல்லாம் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பியாக இருக்கும். துப்பாக்கிச் சத்தத்தில் அது எங்கே பதுங்குமோ.

குளிரில் வெளியே அதிகம் நிற்காதே.

அம்மா


நவம்பர் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

நன்றி கூறும் நாள் வாழ்த்து. இங்கே வான்கோழி போட்டார்கள். வான்கோழி என்று சொன்னார்கள், நம்பிச் சாப்பிட்டோம். நீ எங்கே சாப்பிட்டாய்? தனியாகவா?

சட்டைக்காக வருத்தப்படாதே. அது பழைய சட்டை.

சேதி ஏதாவது கிடைத்ததா? ஓடிஸ் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையில் டீசல் பெயரைச் சொல்லியிருக்கிறார். பாதிரியார், "யார் அந்த சகோதரர், எந்த பிளாக்?" என்று கேட்டாராம்.

நான் நலம். சீக்கிரம் எழுது.

நோலன்


ஜனவரி 5, 1997

அன்பு நோலனுக்கு,

புது வருடம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் வேலை, பிறகு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது.

பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறிவிட்டது. லாக்சோ தன் வாசலை வாரும்போது நம் வாசலையும் வாரிவிடுகிறார். வேண்டாம் என்றால், "கை தானாப் போகுது, நான் என்ன பண்ண?" என்கிறார். அவருக்கு ஏலக்காய் ரொட்டியைச் சடைபோல் பின்னிச் சுட்டுக் கொடுத்தேன். உனக்கு அனுப்ப அவர்கள் விடமாட்டார்கள் என்று தெரிந்தும் இரண்டு பின்னல் அதிகமாகவே சுட்டுவிட்டேன். முதியோர் இல்லத்தில் மிசஸ் நீமி தவறிவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார்.

மளிகைக்கடைப் பலகையில் மாட்டியிருந்த தாளை யாரோ எடுத்துவிட்டார்கள். மறுபடி மாட்டவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டேன்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


ஜனவரி 15

அன்புள்ள அம்மாவுக்கு,

காய்ச்சல் முழுவதும் விட்டுவிட்டதா? இருமல் இருந்தால் சும்மா இருக்காதே.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். மிசஸ் நீமியைப் பற்றி எழுதியிருக்கிறாய், ரொட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய். டீசலைப் பற்றி இரண்டே வரி. குப்பைமேட்டுக்கு விடுப்பு எடுத்துப் போனவள் நீ. சும்மா நிறுத்தமாட்டாய்.

நீ எதையோ பார்த்திருக்கிறாய். ரோட்டில் கிடந்ததா? நரி பிடித்ததா? எதுவானாலும் எழுது. என்னிடம் மறைத்து வைக்க வேண்டிய அளவுக்கு நான் சின்னப் பையன் இல்லை. தெரியாமல் கிடப்பதுதான் கஷ்டம். இங்கே நினைப்பதற்கு நேரம் நிறைய இருக்கிறது, நினைப்பு நல்ல இடத்துக்குப் போவதில்லை.

நோலன்


பிப்ரவரி 21

அன்பு நோலனுக்கு,

நலமா? நான் நலம். இந்தக் கடிதத்தை நாலு தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்புகிறேனா பார்ப்போம்.

டீசல் உயிரோடு இருக்கிறது. கிளாடெட் போட்ரி வீட்டில் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் வேலை முடிந்து பின்தெரு வழியாக வந்தேன். முன்பக்கம் பனி வாரும் வண்டி நின்றது, அதனால்தான் அந்த வழி. இருட்டத் தொடங்கும் நேரம். டேனியின் அறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. போன பிப்ரவரியிலிருந்து அந்த ஜன்னலில் நான் வெளிச்சம் பார்த்ததில்லை. ஜன்னல் கட்டையில் பூனை உட்கார்ந்திருந்தது. கிழிந்த காது தெரிந்தது. என்னைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை.

கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் கிளாடெட் உள்ளேயிருந்து வந்து அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அதன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் இருட்டில் நின்றதால் அவளுக்குத் தெரியவில்லை. நான் வந்துவிட்டேன்.

உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால், போய்க் கேள் என்று சொல்வாய். அல்லது, கேட்காதே என்று சொல்வாய். இரண்டில் எதைக் கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

இந்த மாதம் டேனியின் முதலாம் ஆண்டுப் பூசை நடந்தது. நான் போகவில்லை, எப்படிப் போவேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை மளிகைக்கடையில் முட்டை எடுக்கக் குனிந்து நிமிர்கிறேன், கிளாடெட் எதிரில் நிற்கிறாள். முடி முழுவதும் நரைத்துவிட்டது. விலகிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"உன் பூனை என்கிட்டதான் இருக்கு" என்றாள்.

"தெரியும்."

"தெரியுமா? எப்பலருந்து?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே. ஜன்னல்ல பாத்தேன்."

"பின்ன ஏன் வந்து கேக்கல?"

"என்னன்னு வந்து கேப்பேன், கிளாடெட்?"

அவள் கூடையில் பூனைத்தீனி டப்பாக்கள் இருந்தன. விலை அதிகமான வகை, நான் வாங்காதது.

"மான் சீசன் ஆரம்பிச்ச அன்னிக்கு நிலவறை ஜன்னல் வழியா உள்ள வந்துடுச்சு" என்றாள். "யாரோட பூனைன்னு பாத்ததுமே தெரிஞ்சது. தொடப்பத்தை எடுத்து விரட்டினேன். போகல. நேரா மாடிக்குப் போய் டேனி ரூம் கதவைப் பிராண்ட ஆரம்பிச்சது. அந்தக் கதவை நான் சாத்தினது சாத்தினதுதான், தொறக்கவே இல்ல. இது விடாமப் பிராண்டுது, கத்துது. வேற வழியில்லாம தொறந்தேன். கட்டில்ல ஏறிச் சுருண்டு படுத்துக்கிச்சு. நானும் பக்கத்துல உக்காந்தேன். இங்க பலகையில இருந்த உன் தாளை நான்தான் கிழிச்சேன்."

நான் முட்டைப் பெட்டியைக் கூடையில் வைத்தேன்.

"வேணும்னா வந்து எடுத்துட்டுப் போ. தடுக்கமாட்டேன். ஆனா நீயே வரணும். யாரையும் அனுப்பாதே" என்றாள். முட்டை எடுக்க வந்தவள், எடுக்காமலே போய்விட்டாள்.

அது உன் பூனை. அதனால் உன்னைக் கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

அம்மா


மார்ச் 2

அம்மாவுக்கு,

வாங்கி வா.

அது எங்கே பிறந்தது, யார் பால் ஊட்டி வளர்த்தது என்று உனக்குத் தெரியும். வெளியே எனக்கென்று மிச்சமிருப்பது நீயும் அந்தப் பூனையும்தான். அவர்களுக்கு என்மேல் என்ன கோபம் இருந்தாலும் அதற்காகத்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பூனையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஜட்ஜ் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸிலிருந்து உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் இங்கே நரியையும் ரோட்டையும் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

நோலன்


மார்ச் 19

அன்பு நோலனுக்கு,

உன் கடிதம் வந்தது. கோபம் நியாயம்தான். சாப்பிடுகிறாயா?

பனி உருகி மறுபடி உறைந்து பாதையெல்லாம் கண்ணாடிபோல் கிடக்கிறது. முழங்கால் வீங்கியிருக்கிறது. பூனைக்கூண்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். பாதை சரியானதும் போகிறேன்.

அம்மா


ஏப்ரல் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? வீக்கம் வடிந்ததா? இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பாதை மேல் பழி போட்டு நீ போகாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கூண்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடு. போக வேண்டாம்.

முதலில் ஓடிஸிடம்தான் கத்தினேன். "என் பூனை, என் பூனை" என்று. அவர் காலுறையைத் தைத்துக்கொண்டே, "வாங்கிட்டு வந்து உங்கம்மா என்ன பண்ணுவாங்க? அது மறுபடி கதவுகிட்ட படுத்துக்கும். அவங்க மறுபடி அதையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நான் வெளியே வரும்போது டீசலுக்குப் பதினாறு வயது ஆகும். இருக்காது. அதை நான் இனிப் பார்க்கப் போவதில்லை என்பது ஜூனிலேயே தெரிந்த விஷயம். உன் கடிதம் வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அது டேனிக்கும் சொந்தமான பூனைதான் அம்மா. ஆலை வாசல் டீசல் பம்புக்கு அடியிலிருந்து குட்டியை வெளியே எடுத்தது அவன்தான். என் கை உள்ளே நுழையவில்லை. அவன் வீட்டில் சேர்க்கமாட்டார்கள் என்பதால் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவன் ஜன்னல் வழியாக அது எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறது, அவர்களுக்குத் தெரியாது.

மிசஸ் போட்ரியிடம் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிடு. பின்பல் ஒன்று ஆட்டம், கெட்டியான தீனியைக் கொஞ்சம் நனைத்துத்தான் கொடுக்க வேண்டும். பால் ஆகாது, கேட்கும், கொடுக்கக் கூடாது. கிழிந்த காதைத் தொட்டால் பிடிக்காது. டேனி அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். நாக்கை மேலண்ணத்தில் வைத்து இரண்டு தடவை சொடுக்குவான், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி ஒரு தடவை. அதற்குத்தான் அது ஓடி வரும். எனக்குக்கூட அப்படி வராது. இது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டி பள்ளத்தில் இறங்கியபோது டேனியின் கால் மாட்டிக்கொண்டது. "போய் யாரையாவது கூட்டிட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்" என்று சொல்லிச் சிரித்தான். நான் நெடுஞ்சாலை என்று நினைத்து ஏரிப் பக்கம் நடந்தேன். குடிக்காமல் இருந்திருந்தால் கண்ணைக் கட்டிவிட்டாலும் போயிருப்பேன். பனி வாரும் வண்டிக்காரர் என்னைக் கண்டெடுத்தபோது விடிந்துவிட்டது, என் விரல்கள் உறைந்து கறுத்திருந்தன. அவனைக் கண்டுபிடித்தபோது மத்தியானம், குளிரில் போய்விட்டிருந்தான். கோர்ட்டில் இதையெல்லாம் சொன்னேன், அவன் சிரித்ததை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. அதை அவன் அம்மாவுக்குச் சொல்லலாமா கூடாதா, எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்துச் செய்.

ஓடிஸோடு பேச ஆரம்பித்துவிட்டேன். மருந்தை நிறுத்தாதே.

நோலன்


மே 18

அன்பு மகன் நோலனுக்கு,

உன் கடிதம் வந்தது. அதை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே பனி போய்விட்டது, நிழலில் மட்டும் கொஞ்சம் அழுக்காகக் கிடக்கிறது. முழங்கால் பரவாயில்லை.

நேற்று கிளாடெட் வீட்டுக்குப் போனேன். ஒரு பின்னல் ரொட்டி கொண்டுபோனேன். அதை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தே பாதி நாள் போய்விட்டது. அவள் கதவைத் திறந்து, என் கையில் கூண்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போக வரல" என்றேன். "அது இங்கயே இருக்கட்டும்னு எழுதியிருக்கான்."

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு வழி விட்டாள்.

மாடிக்குக் கூட்டிப்போனாள். நீங்கள் இருவரும் கூரை வழியாக ஏறி இறங்கிய அதே அறை. எல்லாம் அப்படியே இருக்கிறது, ஹாக்கி மட்டை, தொப்பிகள், கட்டிலில் அந்த நீலப் போர்வை. உள்ளே நுழைந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மே மாதத்தில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ரூம்ல மட்டும் நிறுத்தறதில்ல. டேனிக்குக் குளிர்னா ஆகாது" என்றாள்.

டீசல் போர்வைமேல் படுத்திருந்தது. நன்றாகப் பெருத்துவிட்டது. என்னைப் பார்த்தது, கையை நீட்டினேன், முகர்ந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. உன்னிடம் பொய் சொல்ல வேண்டாம் என்பதால் எழுதுகிறேன். என் வீட்டில் அது ஒரு நாளும் அப்படிக் கண்ணை மூடித் தூங்கியதில்லை.

பல்லைச் சொன்னேன். பாலைச் சொன்னேன். "பால் கேட்டுக் கத்துச்சு, குடுத்துட்டேனே" என்று பதறினாள். இனிமேல் கொடுக்காதே, ஒன்றும் ஆகாது என்றேன். காதைத் தொட்டால் பிடிக்காது என்றதற்கு, "அது எனக்கே தெரியும்" என்று கையைக் காட்டினாள். கீறல் இருந்தது.

பிறகு டேனி அதைக் கூப்பிடும் விதத்தைச் சொன்னேன். எனக்குச் சொடுக்கத் தெரியவில்லை, சொல்லிக் காட்டினேன். "அவனா? இந்த வீட்டுலயா? எனக்குத் தெரியாம?" என்றாள். முதலில் அவளுக்கும் வரவில்லை. நாக்கை நனைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ சரியாக வந்துவிட்டது. இரண்டு, பிறகு ஒன்று.

பூனை சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. அவளைப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து குதித்துக் கதவருகே போய், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெகுநேரம் நின்றது. நாங்கள் இருவரும் அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிளாடெட் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் தோளைத் தொடலாமா என்று கையைத் தூக்கினேன். தொடவில்லை.

கீழே வந்ததும் காபி போட்டாள். ரொட்டியை அறுத்தாள். ஒரு துண்டு சாப்பிட்டாள். டேனி சிரித்ததைச் சொல்லலாம் என்று நினைத்து, "நோலன் இன்னொண்ணும் எழுதியிருக்கான்" என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம் வெர்னா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அவன் பேரை இந்த வீட்டுல சொல்லாதே. பூனையை விட்டுக் குடுத்தான். சரி. அதுக்காக நான் ஒண்ணும் மன்னிச்சுட்டேன்னு எழுதிடாதே. எனக்கு முடியல. முடியுமான்னும் தெரியல."

"எழுதமாட்டேன்" என்றேன்.

நான் கோட்டை மாட்டிக்கொள்ளும்போது அவள் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "வியாழக்கிழமை உனக்கு லீவுதானே. பூனையைப் பாக்கணும்னா வா. அவனைப் பத்திப் பேசறதா இருந்தா வராதே" என்றாள்.

இதுதான் நடந்தது. சிரித்த சேதியைச் சொல்லவில்லை. அது என்னிடமே இருக்கிறது. என்றைக்காவது அவளே கேட்டால் சொல்வேன். கேட்கமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது.

வரும் வியாழன் போகலாம் என்றிருக்கிறேன், மகனே. நீ வருத்தப்படாதே. அந்த வீட்டில் உட்கார்ந்து, டேனியைப் பற்றி அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, என் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வர வேண்டும். என்னால் முடிகிறதா என்று பார்க்கிறேன். டீசல் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் உனக்கு எழுதுகிறேன்.

ஓடிஸை விசாரித்ததாகச் சொல். போர்த்திக்கொண்டு தூங்கு.

அம்மா